திராட்சைக் கவாத்து: குட்டையாகவா, நீளமாகவா?

குளிர்நாட்டில் வசந்தம் வந்தால் திராட்சை தானாகத் துளிர்க்கும். சிங்கப்பூரில் அந்தப் பருவமே இல்லை. கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக் கத்தரிக்கோல்தான் வசந்தத்தை அழைத்துவர வேண்டும். கிளையில் எத்தனை கணு (மொட்டு அரும்பும் முடிச்சு) விட்டு வெட்டுவது என்பதுதான் பலருக்கும் தயக்கம்.

எளிமை
குட்டை: 2 முதல் 4 கணு விட்டு வெட்டினால் போதும், புதியவர்களுக்கும் கைவரும்.
நீளம்: பென்சில் பருமனில், பழுப்பேறி முற்றிய கொம்பாகத் தேர்ந்து, 8 முதல் 12 கணு விட்டு, ஒடியாமல் வளைத்துக் கட்டவேண்டும்.

இடம்
குட்டை: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதைத் தொட்டியில் அடங்கி நிற்கும். 1.2 மீட்டர் வழி விடவேண்டுமே!
நீளம்: பந்தல் வேண்டும்.

காய்ப்பு
இங்கேதான் ரகத்தைப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை குட்டை வெட்டிலேயே காய்க்கும். தாம்சன் விதையிலாத் திராட்சையின் அடிக்கணுக்களில் பெரும்பாலும் பூங்கொத்து இருக்காது. அதை நான் ஒருமுறை குட்டையாக வெட்டிவிட்டு, தளதளவென்று வந்த இலைகளை மட்டும் பார்த்து மனம் நொந்தேன்.

நடைபாதையில் பன்னீர் வளர்ப்பவர்கள் குட்டையாகவே வெட்டுங்கள். சமூகத் தோட்டத்துப் பந்தலில் விதையிலா ரகம் என்றால் நீளம்தான். வெட்டிய நுனியில் தெளிந்த நீர் சொட்டினால் அஞ்சவேண்டாம். வேர் விழித்துக்கொண்டது என்று பொருள்.