மௌனப் பட டிஸ்க் வாங்குபவர்கள் உஷார்! என் 14,500 ரூபாய் போச்சு

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. சேலத்திலோ வேறு எங்கோ என்னைப் போல மௌனப் படம் சேர்க்கும் யாராவது இருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இங்கே கிடைக்காத ப்ளூ-ரே, டிவிடிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறோம் என்று சொல்லும் ஆன்லைன் கடை அது. நான் கேட்டது இரண்டு படம். ஜெர்மன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’, 2010இல் மீட்டெடுத்த முழுப் பிரதி. இன்னொன்று ‘ஷிராஸ்’. தாஜ்மஹால் கதையை வைத்து 1928இல் நம் நாட்டிலேயே எடுத்த படம். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2017இல் மீட்டெடுத்து, சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கர் இசையோடு வெளியிட்டது. நம் பக்கத்து மௌனப் படங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அழிந்துவிட்டன. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ பார்க்க இன்று வழியே இல்லை. ஏற்காடு ரோட்டில் பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ வளைவு மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, மிஞ்சியதையாவது நல்ல பிரதியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இருக்காதா?

அந்தக் கடைக்காரரை நம்ப வைத்தது அவர் பேச்சுதான். “சார், ப்யூனோஸ் ஐரிஸ்ல 2008ல கிடைச்ச 16 எம்எம் பிரதியில இருந்து சேர்த்த சீன் எல்லாம் இதுல வரும். அங்க மட்டும் கோடு கோடா கீறல் இருக்கும், ஃப்ரேமும் சின்னதாகி ஓரத்துல கறுப்பு தெரியும். டிஸ்க் கோளாறுன்னு நினைச்சுடாதீங்க” என்றார். அத்தனையும் உண்மை. சுமார் 25 நிமிடக் காட்சிகள் அந்தப் பிரதியிலிருந்துதான் கிடைத்தன. 16 எம்எம் என்ற சின்ன அளவு ஃபிலிமுக்கு மாற்றும்போதே கீறலும் சேர்ந்து பதிவாகிவிட்டதால் அதை முழுசாக நீக்க முடியவில்லை. இங்கிலாந்து ப்ளூ-ரே பெரும்பாலும் ரீஜன் பி, நம் ஊர் ப்ளேயர் ரீஜன் சி, ஒரு ரீஜன் டிஸ்க் இன்னொரு ரீஜன் ப்ளேயரில் ஓடாமல் போகலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவராகவே சொன்னார். இவ்வளவு விஷயம் தெரிந்த மனுஷன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? அன்று ராத்திரியே 14,500 ரூபாய் அனுப்பினேன்.

பார்சல் வந்தது. அட்டையை ஈர விரலால் தொட்டேன், சிவப்பு மை விரலில் ஒட்டிக்கொண்டது. வீட்டு பிரிண்டரில் எடுத்த அட்டை! டிஸ்கைத் திருப்பினால் ஊதா நிறம். நடு வளையத்தில் டிவிடி-ஆர் என்றே இருக்கிறது, அதாவது வீட்டிலேயே பதிவு செய்யும் காலி டிஸ்க். இரண்டரை மணி நேரம் ஓட வேண்டிய ‘மெட்ரோபோலிஸ்’ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவர் அவ்வளவு விளக்கிய அந்தக் கீறல் விழுந்த காட்சிகளில் ஒன்றுகூட இல்லை. ‘ஷிராஸ்’ இன்னும் மோசம். வேகத்தைச் சரிசெய்யாமல் ஏற்றியதால் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுகிறார்கள். சிதார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பியானோ துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. மூலையில் ஏதோ சேனலின் முத்திரையை மங்கலாக்கி மறைத்திருக்கிறார்கள்.

போன் செய்தேன். முதலில் “உங்க ப்ளேயர் பழசு சார்” என்றார். அப்புறம், பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார். அட்டை, டிஸ்க், வளையம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். “சப்ளையர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்.” அதற்கப்புறம் நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் பிளாக் செய்துவிட்டார். பேங்கில் போய்க் கேட்டால், நீங்களாக அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். 14,500 ரூபாய், சார்! எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு நிலையில் இல்லை. பணம் கொடுக்கும் முன் டிஸ்கின் அடிப்பக்கத்தையும் நடு வளையத்தையும் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். படம் எத்தனை நிமிடம், இசை யாருடையது என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் மட்டும்தான் என்றால் வேண்டவே வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போது கட்டாயம் வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள், விற்றவர் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். நானும் புகார் கொடுத்திருக்கிறேன். அதே ஆள் இன்று காலையில்கூட அதே இரண்டு டிஸ்க் போட்டோவைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்.