ரொட்டி மாவா, தோசை மாவா: திருகோணமலையில் எந்த ஸ்டிக்கர் நிலைக்கும்?

வீட்டில் இரண்டு வாகனம் நிற்கிறது. ஒன்று நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கும் என்னுடைய கேடிஎச் வான். மற்றது மைத்துனருடைய ஓட்டோ. ஒரே கிழமையில், ஒரே கடையில், ஒரே ரோலில் வெட்டிய மலிவு வினைல் ஸ்டிக்கர் தாளைத்தான் இரண்டுக்கும் ஒட்டினோம். முதல் மாரி முடிவதற்குள் வானின் முன் பம்பர் மூலை வாயைத் திறந்துவிட்டது. விரலால் தூக்கிப் பார்த்தேன்: பசை முழுக்கக் கடற்கரை மணல், ஓரத்தில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு. ஓட்டோவின் பின்பக்கத்தில் ஒட்டியதோ இன்றைக்கும் அசையாமல் இருக்கிறது.

"என்ட ஓட்டோக்கு ராசி" என்கிறார் மைத்துனர். ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டோவின் பின்பக்கம் தட்டை, வானின் பம்பர் வளைவு. மிச்சமெல்லாம் அதிலிருந்து வருகிற கதைதான்.

வினைலில் இரண்டு சாதி. கலண்டர் வகையைச் சூடான உருளைகளுக்கு நடுவே நசித்து இழுத்துச் செய்கிறார்கள். ரொட்டிக்குக் குழைத்த மாவை உருட்டி விரித்துவிட்டுக் கையை எடுத்தால் மெல்லச் சுருங்குமே, அதே குணம் இதற்கும் உண்டு. வெயில் பட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். காஸ்ட் வகை தோசை மாதிரி: திரவமாக ஊற்றிப் பரப்பி, அடுப்பில் காய வைத்து எடுப்பது. யாரும் இழுக்கவில்லை, அதனால் சுருங்க வேண்டிய அவசியமும் இல்லை. காஸ்ட் சுமார் 50 மைக்ரோன் தடிப்புத்தான்; கலண்டர் 75 முதல் 100 வரை போகும். கடையில் தடவிப் பார்த்து "இது மொத்தம் அண்ணே, உழைக்கும்" என்று தந்தார்கள், நானும் நம்பினேன். வளைவில் மெல்லியதுதான் படியும்.

கலண்டரிலும் இரண்டு தரம் உண்டு. மொனோமெரிக் என்பது கடைப் பெயர்ப்பலகைக்குச் சரி, வாகனத்துக்கு வேண்டாம். பொலிமெரிக் தட்டையான இடத்தில் நான்கைந்து வருடம் இருக்கும். காஸ்ட் அதைவிடக் கூடக் காலம் தாங்கும், ஆனால் விலையும் நன்றாகவே கூடும். இந்த வருடக் கணக்கெல்லாம் நிமிர்ந்து நிற்கும் கதவுக்குச் சொன்னது. பொனட்டும் கூரையும் வேறு. நம் ஊரில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மதியச் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். காஸ்ட் என்றாலும் அங்கே ஆயுள் பாதிக்குக் கிட்டக் குறையும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஓரம். தாள் எதுவானாலும் கழலுவது ஓரத்தில்தான் தொடங்கும். அதை அடைக்க மூன்று வழி சொல்வார்கள்: விளிம்பை உள்ளே மடித்துச் சூடு கொடுப்பது, தூரிகையால் சீலர் பூசுவது, மேலே தெளிவான டேப் ஒட்டுவது.

முதலாவதற்குத்தான் என் வாக்கு. கதவு விளிம்போடு மட்டமாக வெட்டி விட்டுவிடாமல் அரைச் சென்றிமீற்றராவது உட்பக்கம் மடிக்க வேண்டும். மடித்த இடத்தையும் இழுபட்ட வளைவையும் ஹீட் கன்னால் சூடாக்க வேண்டும். காஸ்டுக்கு அந்தச் சூடு தாளைப் பொறுத்து 90 முதல் 105 பாகை செல்சியஸ் வரை. இழுபட்ட தாள் தன் பழைய வடிவத்தை மறப்பது அந்தச் சூட்டில்தான். கையால் தொட்டுப் பார்த்து மதிக்கிற விஷயம் இல்லை இது. வானுக்கு இரண்டாம் முறை ஒட்டிய கடைத் தம்பி, துவக்கு மாதிரி ஒரு வெப்பமானியைப் பம்பர் மூலைக்கு நேரே பிடித்து, எண் 95ஐத் தாண்டும்வரை கன்னை அசைத்துக்கொண்டே இருந்தான். முதல் கடையில் அந்தச் சாமானே இல்லை.

சீலர் நல்ல மருந்துதான், ஆனால் நோய்க்கு ஏற்ற மருந்தாக இருக்க வேண்டும். புறாமலைக்கு ஆள் ஏற்றும் ஃபைபர் படகில் எழுத்து ஒட்டினால், ஓயாமல் தண்ணீர் அடிக்கிற ஓரத்துக்குச் சீலர் பூசத்தான் வேண்டும். லொறிப் பெட்டியின் ஆணித் தலையைச் சுற்றியும் அப்படியே. கதவில் ஒழுங்காக மடித்த விளிம்புக்கு அது வீண் செலவு. ஏற்கெனவே தூக்கிய ஓரத்தின் மேல் பூசுவதோ உள்ளே இருக்கும் உப்பையும் மணலையும் சேர்த்துப் பூட்டி வைப்பதுதான். டேப் சீலரைவிடச் சுத்தமான வேலை. ஆனால் டேப்புக்கும் ஒரு ஓரம் உண்டு, அதில் தூசி பிடித்து ஆறு மாதத்தில் கறுப்புக் கோடு விழும்.

பிரைமரைச் சீலரோடு குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 3எம் 94 மாதிரியான பிரைமர் தாளுக்கு அடியில், பிடி கிடைக்காத ஒரு மூலையில் துளி தடவுவதற்கு. சில கடைகளில் அதைச் சுண்ணாம்பு அடிப்பது போல அடிக்கிறார்கள். பிறகு கழற்றும்போது பசை நின்றுவிடும், பழைய பெயின்ற் என்றால் கூடவே உரியும்.

சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஒட்டுவதா, காய்ந்தபடி ஒட்டுவதா என்று கேட்டால், பின்பக்கம் காற்று வெளியேற நுண்கோடுகள் உள்ள தாளுக்குத் தண்ணீர் காட்டவே கூடாது. கோடுகளில் தண்ணீர் நின்றால் பசை பிடிக்காது.

தாளுக்குக் கொடுக்கும் காசை யோசிக்கிற அளவு கழுவலை யாரும் யோசிப்பதில்லை. இங்கே கடற்கரை வீதியில் ஒரு இரவு நின்ற வண்டியைத் தடவினாலே கை பிசுபிசுக்கும். முதலில் சவர்க்காரம் போட்டு உப்பைப் போக்க வேண்டும், காய விட வேண்டும், பிறகு ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் விளிம்பின் உட்புறம்வரை துடைக்க வேண்டும். டயர் பளபளக்கப் பூசும் சிலிக்கன் தெறித்த இடத்தில் எந்தத் தாளும் நிற்காது. புதிதாகப் பெயின்ற் அடித்த வண்டி என்றால் ஒரு மாதமாவது பொறுங்கள். இல்லாவிட்டால் உள்ளிருந்து ஆவி கிளம்பிக் கொப்புளம் போடும்.

நேரமும் பார்க்க வேண்டும். வெயிலில் நின்ற தகட்டில் பசை தொட்டவுடன் கவ்விவிடும், தூக்கி ஒட்ட விடாது. நிழலில், காலமை வேலையைத் தொடங்குவதுதான் தோது. கச்சான் அடிக்கும் மாதங்களில் திறந்த கொட்டிலில் ஒட்டினால் ஒவ்வொரு மணலும் ஒரு பரு. மாரியில் ஈரம். என் கணக்கில் மாசி, பங்குனி.

ஒட்டிய பிறகு மூன்று நாள் தண்ணீர் படாமல் வைத்திருங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் கன் பிடிக்கிற பொடியனிடம் ஒரு அடி தள்ளி, நேர்குத்தாக அடிக்கச் சொல்லுங்கள். ஓரத்துக்குச் சரிவாக அடித்தால் எந்தச் சீலரும் காப்பாற்றாது.

இப்போது வானின் பம்பருக்கும் கண்ணாடிக் கூடுகளுக்கும் காஸ்ட், பக்கங்களுக்குப் பொலிமெரிக். தொலைபேசி இலக்கமும் படமும் அச்சடித்த பகுதிக்கு மேலே லமினேசன் என்கிற தெளிவான காப்புத் தாள். மை முழுதாகக் காய ஒரு நாள் விட்டுத்தான் லமினேசன் போட்டான் தம்பி. நிறத்தை முழுதாக மாற்றவில்லை. பதிவுப் புத்தகத்தில் வெள்ளை என்று இருக்கிறது, வீதியில் மறித்தால் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கூரைக்கும் ஒன்றும் ஒட்டவில்லை. அதை மேலே ஏறிப் பார்ப்பது காகம் மட்டும்தான்.