ஐந்து கட்டத் தாள்: நாடகப் பாத்திர ஆய்வுக்கு எவ்வளவு தாங்கும்?

பேச்சு, எண்ணம், பிறரிடம் ஏற்படும் தாக்கம், செயல், தோற்றம் என ஐந்து கட்டங்கள் போட்ட பாத்திர ஆய்வுத் தாள் இலக்கிய வகுப்புகளில் பரவலாகப் புழங்குகிறது. சிறுகதைக்கு நல்ல கருவி. நாடகத்துக்கு அப்படியே எடுத்தால் இரண்டு இடங்களில் வழி தவற வைக்கும். அவற்றைத் திருத்திக்கொண்டால் தாராளமாக நம்பலாம்.

முதலில் அதன் பலம். பேச்சும் செயலும் ஒரே பக்கத்தில் இருப்பதால் முரண் உடனே கண்ணில் படும். நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' (1879) நாடகத்தின் முதல் அங்கத்தில், நாயகி நோரா மக்ரூன் என்ற இனிப்பு உள்ள பையைச் சட்டைப்பையில் ஒளித்து வாயைத் துடைத்துக்கொள்கிறாள். இது மேடைக் குறிப்பு. கணவன் கேட்டதும் தின்னவே இல்லை என்கிறாள். பிறகு குடும்ப நண்பர் டாக்டர் ரேங்கிடம், தோழி கொண்டுவந்தது என்று இன்னொரு பொய். 'பொய் சொல்பவள்' என்று எழுதி நிறுத்தினால் ஆய்வு அங்கேயே செத்துவிடும். யாரிடம், எதற்கு அஞ்சி, எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது என்று பாருங்கள். பின்னால் வெளிப்படப்போகும் பெரிய ரகசியத்தைக் கட்டிக்காக்கும் பழக்கம் இந்தச் சின்ன இனிப்பிலேயே தெரிகிறது.

முதல் குறை 'எண்ணம்' கட்டம். கதையில் கதைசொல்லி மனத்துக்குள் புகுந்து சொல்வார். நாடகத்தில் பெரும்பாலும் அப்படி ஆள் இல்லை. கட்டம் காலியாக இருக்கிறதே என்று மாணவர்கள் ஊகத்தை எழுதி, அதையே சான்றாக மேற்கோள் காட்டுகிறார்கள். பாத்திரம் மேடையில் தனியே நின்று மனம் திறக்கும் தனிமொழி இருந்தாலும் அப்படியே நம்ப முடியாது. ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில், தளபதி ஒதெல்லோவின் கீழ் பணியாற்றும் இயாகோ அவன் மீதான தன் பகைக்குக் காரணம் சொல்லச் சொல்ல அது மாறிக்கொண்டே போகிறது: பதவி கிடைக்காதது, மனைவி மீது சந்தேகம், அந்தப் பதவியைப் பெற்ற காசியோ மீது பொறாமை. தனிமொழி, பாத்திரம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் நியாயமாகவும் இருக்கலாம்.

எனவே அந்தத் தலைப்பை அடித்துவிட்டு, 'இந்தக் காட்சியில் என்ன வேண்டும், எது தடுக்கிறது' என்று எழுதுங்கள். 'பொம்மை வீடு' இரண்டாம் அங்கத்தில் நோரா வெறிகொண்டு டாரன்டெல்லா என்ற வேகமான இத்தாலிய நடனம் ஆடுகிறாள். செயல் கட்டத்தில் 'ஆடுகிறாள்' என்பது வெறும் தகவல். 'ரகசியத்தை உடைக்கும் கடிதம் உள்ளே இருக்கிறது, கணவன் கடிதப் பெட்டியைத் திறக்காமல் இருக்க வேண்டும்' என்று பக்கத்தில் எழுதியதும் ஆட்டத்தின் வேகத்துக்குப் பொருள் கிடைத்துவிடும்.

இரண்டாம் குறை இன்னும் கெடுதலானது: நாடகம் முழுவதற்கும் ஒரே தாள். மூன்றாம் அங்கத்தில் கணவனை உட்காரச் சொல்லி, எட்டு ஆண்டு மணவாழ்வில் இதுவே நம் முதல் தீவிரமான பேச்சு என்று சொல்லும் நோராவும், முதல் அங்கத்தில் கொஞ்சிப் பணம் கேட்கும் நோராவும் ஒரே கட்டத்தில் விழுந்தால் மாற்றம் காணாமல் போகும். அங்கத்துக்கு ஒன்று, பாத்திரம் மாறும் திருப்புமுனைக் காட்சிக்குத் தனியாக ஒன்று எனத் தாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பிறர் தாக்கக் கட்டத்தை எதிரில் சொன்னது, இல்லாதபோது சொன்னது என்று கோடு போட்டு இரண்டாக்குவது நல்லது. ஒதெல்லோ 'நேர்மையான இயாகோ' என்று திரும்பத் திரும்பச் சொல்வது இயாகோவுக்கு நற்சான்று ஆகாது. ஒதெல்லோவின் பார்வைக்குத்தான் சான்று. தோற்றக் கட்டத்தை ஷேக்ஸ்பியருக்குப் பெரும்பாலும் காலியாகவே விடலாம். மேடைக் குறிப்புகள் அங்கே குறைவு.

நிரப்பும்போது, முதல் வாசிப்பில் எதுவும் எழுத வேண்டாம். இரண்டாவதில் மேடைக் குறிப்பு, சொந்தப் பேச்சு, பிறர் பேச்சு மூன்றுக்கும் மூன்று நிற மை. மேற்கோள் பத்துச் சொல்லைத் தாண்டாமல், அங்கம், காட்சி எண்ணோடு இருக்கட்டும். குணப்பெயரைக் கடைசியில் எழுதுங்கள். வெவ்வேறு காட்சிகளிலிருந்து மூன்று சான்றாவது கிடைக்காத குணத்தை அடித்துவிடுங்கள். மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் கடைசிவரை ஒரே பதிப்பை வைத்துக்கொள்ள வேண்டும். கணவன் நோராவை அழைக்கும் 'வானம்பாடி', 'அணில்' போன்ற செல்லப்பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும். பதிப்பை மாற்றினால், அவை எங்கே நின்றுபோகின்றன என்ற கணக்கு தவறிவிடும்.

தேர்வுக்குப் படிப்பவருக்கு இந்தத் திருத்தங்களோடு தாள் போதும். நடிக்கப்போகிறவர் 'வேண்டியது, தடை' கட்டத்தைப் பாதிப் பக்கமாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும்.