சேலை, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட்: அம்மாவுக்கு வாங்கிய கதை

அக்காவுக்கு டிசம்பரில் பிரசவம், வீடு டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில். அதனால் அம்மா நவம்பரிலேயே கிளம்ப வேண்டியதாயிற்று. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற கடலோர ஊரில் பிறந்து அங்கேயே அறுபதைத் தொட்டவர் அம்மா. எங்கள் ஊர் மார்கழிக் காலையில் 23, 24 டிகிரிக்கே காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டுதான் வாசல் தெளிப்பார். அக்கா போனில் சொன்னது இதுதான்: மைனஸ் 20 வரை இறங்குகிற நாளும் வரும், ஸ்வெட்டருக்கு மேல் போடுகிற மாதிரி நல்ல கோட்டாக வாங்கு. அம்மா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: "சேலைய விடமாட்டேன். அதுக்கு மேல போட்டா பீப்பா மாதிரி தெரியக்கூடாது."

கோட் பற்றி நான் தேடிப் படித்த யோசனைகள் எல்லாமே பேன்ட் போடுகிறவர்களுக்கு. சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட் என்றால் எங்கே பிடிக்கும், எங்கே தூக்கும் என்று யாரும் எழுதவில்லை. அந்தக் குறைக்குத்தான் இது.

முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கி ஏமாந்தேன். எங்கே என்று சொல்லப் போவதில்லை. விலை 3,200 ரூபாய். முன்பக்கம் இரட்டை வரிசைப் பட்டன், இடுப்பில் பெல்ட், படத்தில் பார்க்க ராணி மாதிரி இருந்தது. கம்பளி என்று போட்டிருந்தார்கள், வந்த பிறகு உள்ளே தைத்திருந்த துண்டுச்சீட்டைப் பார்த்தால் நூற்றுக்கு நூறு பாலியஸ்டர். சரி, போகட்டும், போட்டுப் பார்க்கலாம் என்று ஆகஸ்ட் மாத மத்தியானம் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, எப்போதோ கொடைக்கானலில் வாங்கிய பழைய ஸ்வெட்டரைச் சேலைக்கு மேல் மாட்டி, அதற்கு மேல் கோட்டையும் மாட்டினால், அம்மா வியர்த்துக் கொட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. இரட்டை வரிசைப் பட்டன் என்றால் முன்பக்கம் துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் ஏற்கெனவே முந்தானை மடிப்பு, ஸ்வெட்டர் பட்டன் பட்டி, எல்லாம் சேர்ந்து நெஞ்சில் தலையணை கட்டியது போல. பெல்ட் சரியாகக் கொசுவம் செருகிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. கட்டினால் கொசுவம் புடைக்கிறது, கட்டாமல் விட்டால் அங்கியாகிவிடுகிறது. இதைவிடக் கொடுமை கை. கைக்குள்ளே வழவழப்பான லைனிங் இல்லை, வெளித்துணியே உள்ளேயும் சொரசொரவென்று இருந்ததால் ஸ்வெட்டரின் கை அதோடு ஒட்டிக்கொண்டு முழங்கையில் போய்ச் சுருண்டது. அம்மா கொடியில் துணி காயப்போடுவது மாதிரி கையைத் தூக்கினார், மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல் அகலம் வெளியே தெரிந்தது. கழற்றவே நான் ஒரு பக்கம் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. திருப்பி அனுப்பலாம் என்றால் எங்கள் பின்கோடுக்கு வந்து எடுக்கிற வசதி இல்லையாம். அந்தக் கோட் இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது.

அடுத்த தடவை அம்மாவையே மதுரைக்குக் கூட்டிப் போய்விட்டேன், பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். பையில் அதே கொடைக்கானல் ஸ்வெட்டர். இதை மட்டும் மறக்கவே கூடாது. ஸ்வெட்டர் இல்லாமல் ஜாக்கெட்டோடு போட்டுப் பார்த்தால் எல்லாக் கோட்டும் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும். அம்மாவின் ஜாக்கெட் அளவு 38. ஸ்வெட்டருக்கு மேல் இஞ்சு டேப் வைத்தால் 41 வந்தது. கோட் நெஞ்சளவு அதற்கு மேல் இரண்டு மூன்று இஞ்சு தாராளமாக இருந்தால்தான் மூச்சு விட முடியும், கையைத் தூக்க முடியும்.

கடைக்காரர் யோசிக்காமல் எக்ஸ்எல் எடுத்துக் கொடுத்தார். இடுப்புக்குக் கீழே சேலையோடு நன்றாக மூடியது. ஆனால் தோள்பட்டைத் தையல் புஜத்தில் இறங்கிக் கிடந்தது, அண்ணன் சட்டையைத் தங்கச்சி போட்ட மாதிரி. எல் போட்டால் தோள் கச்சிதம், இடுப்பில் ஜிப் ஏறவில்லை. வீடியோ காலில் அக்கா, அங்கே நடுராத்திரி, "கையத் தூக்கு, குனி, நாற்காலில உட்காரு" என்று டிரில் மாஸ்டர் மாதிரி அதட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் சொன்னாள், தோளுக்குத்தான் வாங்க வேண்டும், இடுப்புக்கு வேறு வழி பார் என்று.

வழி அந்தக் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும் பஞ்சு வைத்த கோட், இரண்டு பக்கவாட்டிலும் கீழிருந்து இடுப்பு வரை ஜிப். சேலை கட்டும்போது அதை ஒரு சாண் திறந்துவிட்டால் போதும், எல் அளவே அழகாக விழுகிறது. முன் ஜிப்பும் மேலிருந்தும் திறக்கும், கீழிருந்தும் திறக்கும். காரில் ஏறும்போதும் உட்காரும்போதும் கீழே இருந்து கொஞ்சம் ஏற்றிவிட்டால் கொசுவம் கசங்காது. இடுப்பளவு நீளக் கோட்டையும் போட்டுப் பார்த்தோம், அதற்குக் கீழே சேலை குடை மாதிரி விரிந்து நின்றது. கணுக்கால் வரை உள்ளது பனியில் தடுக்கும் என்று அக்கா பார்த்த உடனே வேண்டாமென்றுவிட்டாள்.

பீப்பாய் விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சுக் கோட் என்றாலே குண்டாகக் காட்டும் என்பார்கள். அதை முடிவு செய்வது தையல் வரிதான். அகல அகலமாகக் குறுக்கே தைத்திருந்தால் டயர் அடுக்கி வைத்தது போலத் தெரியும். இதில் வரிகள் நெருக்கமாக, இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சாய்ந்து இறங்குகின்றன. அக்குளிலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு தையலும் போகிறது. பெல்ட் கிடையாது. நெஞ்சுக்குக் கீழே லேசாக ஒடுங்கிப் பிறகு விரிவதால் கொசுவம் இருக்கிற இடமே தெரியவில்லை. நிறத்தில்தான் சண்டை. அழுக்குத் தெரியாது, கறுப்பு எடு என்றாள் அக்கா. அம்மா, "நல்ல காரியத்துக்குப் போறேன், கறுப்பு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு மயில்கழுத்து நிறத்தைக் கையில் எடுத்துக்கொண்டார், அப்புறம் விடவில்லை. பார்டர் இல்லாத பட்டுச்சேலை மாதிரி இருக்கிறது என்று கடைக்காரரே சொன்னார்.

விலை 5,600. கொஞ்சம் பேசியதில் 5,200. உள்ளே வாத்து இறகு கிடையாது, செயற்கைப் பஞ்சுதான். இறகு வைத்தது எடை குறைவு, சூடும் அதிகம். ஆனால் நனைந்தால் கட்டிதட்டிப் படுத்துவிடும், விலையும் இரண்டு மூன்று மடங்கு. பச்சைக் குழந்தையோடு இருக்கப் போகிறவருக்கு அடிக்கடி துவைக்கிற மாதிரி இருப்பதுதான் தோது.

இதெல்லாம் சரி, குளிர் தாங்குமா? மண்டபத்தில் எப்படிச் சோதிப்பது? மாமா ஒரு இறால் கம்பெனியில் சூப்பர்வைசர். ஏற்றுமதி இறாலை வைக்கிற குளிர் அறை எப்போதும் மைனஸ் 18 டிகிரியில் ஓடும். கேட்டுப் பார்த்தோம், பத்து நிமிஷம் என்று விட்டார்கள். சேலை, ஸ்வெட்டர், மயில்கழுத்துக் கோட்டோடு அட்டைப் பெட்டி அடுக்குகளுக்கு நடுவே அம்மா நின்றார். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, கனடா வந்துருச்சா?" என்றார். உடம்பு கதகதப்பாகவே இருந்ததாம். மேலே ஓடுகிற பெரிய ஃபேனுக்கு நேரே போய் நின்றபோதுதான் கோட்டின் அருமை தெரிந்தது. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வாடைக்காற்றில் வெறும் ஸ்வெட்டரோடு நின்றவர்களுக்கு இது புரியும், கம்பளி நூலுக்கு நடுவே காற்று புகுந்து எலும்பைத் தொடும். இங்கே ஜிப்புக்கு மேல் ஒரு பட்டி மூடியிருக்கிறது, கை முனையில் உள்பக்கமாக ஒரு பின்னல் பட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது, காற்று உள்ளே வரவில்லை. ஆனால் ஐந்தாவது நிமிஷத்திலேயே கால் மரத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே வெறும் சேலையும் பாவாடையும்தானே. அன்று சாயங்காலமே பாவாடைக்குள் போடத் தெர்மல் லெக்கிங்ஸ் இரண்டு ஆர்டர் போட்டேன். (கோட்டில் ஏறிய இறால் வாடை போக இரண்டு நாள் மொட்டை மாடியில் நிழலில் தொங்கப்போட வேண்டியிருந்தது. வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடலாம்.)

குறைகள்: தலையை மூடும் தொப்பி ஆழம் போதாது, அம்மாவின் கொண்டையில் முட்டி நெற்றி வரை வர மறுக்கிறது. அங்கே பின்னலாகப் போட்டு உள்ளே விட்டுக்கொள்கிறார். உள்பாக்கெட் கிடையாது, சுருக்குப்பையை எங்கே வைப்பது என்று முதல் வாரம் முழுவதும் புலம்பல். ராமநாதபுரம் அரண்மனை வாசல் பக்கம் எங்கள் டெய்லர் அண்ணனிடம் முன்பே காட்டியிருந்தால் லைனிங்கில் ஒன்று தைத்துக் கொடுத்திருப்பார், எனக்குத்தான் தோன்றவில்லை.

ஜனவரியில் அக்கா அனுப்பிய போட்டோவில் பனிக்கு நடுவே அம்மா நிற்கிறார். கோட்டுக்குக் கீழே அரக்குச் சேலை ஒரு சாண் தெரிகிறது, பக்க ஜிப் சொன்னபடி திறந்திருக்கிறது. "குண்டாத் தெரியறேனா?" என்றுதான் முதலில் கேட்டார். தெரியவில்லை.

ஏப்ரலில் திரும்பி வரும்போது கோட்டை அக்கா அலமாரியிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் உப்புக்காற்றில் இங்கே கொண்டுவந்து வைத்தால் அடுத்த மார்கழிக்குள் அந்தப் பித்தளை ஜிப் எல்லாம் பச்சை பூத்துவிடும்.