இஜூபா சோளப் பீர், 1 லிட்டர் அட்டைப்பெட்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். தெருமுனை பாட்டில் ஸ்டோரில், அதாவது மதுக்கடையில், இதை வாங்கிக்கொண்டு வந்ததும் மாப்பிள்ளை, "என்ன மாமா, வெறும் தண்ணி பீரு" என்றார். மனசுக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணி பீர் எது என்று எனக்குத் தெரியும். 22 வருடம் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. எங்கள் சீஃப் எஞ்சினியர் ஸ்காட்லாந்துக்காரர். சப்பென்ற பீரைக் கொடுத்தால், 'பர்சர்ஸ் ஸ்வைப்ஸ்' என்று தள்ளி வைத்துவிடுவார். அது பழைய ஆங்கிலக் கொச்சை. 1811இல் வந்த லண்டன் கொச்சைச் சொல் அகராதியிலேயே இருக்கிறது. அரசரின் போர்க்கப்பல்களில் பீர், பர்சர் என்ற பண்டகசாலைக்காரரின் பொறுப்பில் இருக்குமாம். அதனால் அவர் பேரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. 'ஸ்வைப்' என்றால் மடக்மடக்கென்று ஒரே மூச்சில் குடிப்பது, அதிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். அப்படிக் குடிக்கிற அளவுக்குத்தான் அதில் காரம் இருந்திருக்கும். ஒரே மால்ட்டில், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தில், முதல் சாறு இறக்கி நல்ல பீர். அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி இந்த மட்ட பீர். நம் வீட்டு இரண்டாம் டிகாஷன் காப்பி மாதிரி.

இஜூபா அப்படியில்லை. போதை சுமார் 3 சதவீதம்தான், ஆனால் சக்கையைக் கழுவி எடுத்ததில்லை. சோள முளையும் மக்காச்சோளமும் புளித்த முதல் சரக்கு. அடியில் மண்டி தங்கும், லேசாக ஆட்டி ஊற்ற வேண்டும். கெட்டியாக, வெளிர்ப் பழுப்பாக இறங்கும். முதல் வாயிலேயே எங்கள் ஆத்தா கலயத்தில் புளிக்கவிட்ட சோளக்கூழ் வாசம். இரண்டு கோப்பை குடித்தால் வயிறு நிறைந்துவிடும். போதை குறைவு என்பது வேறு, சத்தில்லை என்பது வேறு.

ஒரு குறை. அட்டைக்குள்ளேயே புளிப்பு ஏறிக்கொண்டே போகும். வேறொரு கடையில் நாள்பட்டதைக் கொடுத்துவிட்டார்கள், பல் கூசிற்று. தேதி பார்த்து வாங்குங்கள், ஃப்ரிட்ஜில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மத்தி வறுவலோடு நன்றாகச் சேர்கிறது. மாப்பிள்ளை போன ஞாயிற்றுக்கிழமை அரை கோப்பை வாங்கிக் குடித்தார், அப்புறம் அவரே எழுந்து போய் மீதியையும் ஊற்றிக்கொண்டார்.