பெட்டியில் 5.1, உள்ளே இரண்டே சேனல்: சவுண்ட்பார் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தீபாவளி ஆஃபரில் 12,990 ரூபாய்க்கு பில் போட்ட சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) அது. பெட்டியின் முகப்பிலேயே 5.1, 600 வாட், ஹோம் சினிமா என்று பெரிய எழுத்தில் இருந்தது. டால்பி (தியேட்டர் பாணிப் பல சேனல் ஒலி முறை) உண்டா என்று கேட்டதற்கு, "எல்லாமே வரும் சார், தியேட்டர் மாதிரி இருக்கும்" என்றார் விற்பனையாளர். நான்காம் நாள் திருப்பி எடுத்துப் போனபோது, "பெட்டியைப் பிரிச்சாச்சு, இனிமே சர்வீஸ் சென்டர்தான்" என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த நான்கு நாளில் வெளிப்பட்டவற்றை விவரமாக எழுதுகிறேன். இதே வகைப் பெட்டிகள் வேறு வேறு பெயர்களில் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.

முதலில் அந்த 5.1. முன்னால் இடது, நடு, வலது, பின்னால் இரண்டு என ஐந்து தனித்தனி ஒலித் தடங்கள், அதாவது சேனல்கள், கூடவே அடி ஒலிக்கான சப்வூஃபர் பெட்டிக்கு ஒன்று. இதுதான் 5.1. இந்தப் பெட்டியிலோ ஸ்பீக்கர்களை எண்ணி 5.1 என்று போட்டிருக்கிறார்கள். பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கர்களின் வயரும், பாருக்குள் இருக்கும் இடது வலது ஸ்பீக்கர்களோடு இணையாகக் கோத்து விடப்பட்டிருக்கிறது. ஆகவே முன்னால் கேட்பதேதான் பின்னாலும் கேட்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பென் டிரைவ் போதும். ஒவ்வொரு சேனலின் பெயரையும் ஒரு குரல் சொல்லும் டால்பி டிஜிட்டல் 5.1 சோதனைக் கோப்பை அதில் ஏற்றி, டிவியின் யுஎஸ்பியில் ஓட விடுங்கள். 'பின் இடது' என்று குரல் சொல்லும்போது பின் இடது ஸ்பீக்கர் மட்டும் பேச வேண்டும். இந்தப் பாரில் முன் இடதும் பின் இடதும் சேர்ந்தே பேசின. 'நடு' என்றபோது அத்தனை ஸ்பீக்கரும் பேசின. கடையில் யூடியூபில் '5.1 டெஸ்ட்' வீடியோவைப் போட்டுக் காட்டினால் அதை நம்ப வேண்டாம். அங்கே பெரும்பாலானவை இரண்டு சேனல் ஒலிதான்.

அடுத்து பின்பக்கத் துளைகள். ஹெச்டிஎம்ஐ இல்லை. ஆப்டிகல், ஆக்ஸ், யுஎஸ்பி, ப்ளூடூத் மட்டும். ஆப்டிகல் கம்பி வழியாக டால்பி டிஜிட்டல் 5.1 போகும் என்பது உண்மைதான், ஆனால் அதைப் பிரித்தறியும் டீகோடர் பாருக்குள் இருந்தாக வேண்டும். இதில் அது கிடையாது. டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட் 'ஆட்டோ'வில் இருந்தபோது படங்களில் சத்தமே வரவில்லை. கடையில் போனில் கேட்டால், "பிசிஎம்னு மாத்துங்க சார், சரியாயிடும்" என்றார்கள். மாற்றியதும் சத்தம் வந்தது. ஆனால் பிசிஎம், அதாவது டிவியே பிரித்துக் கொடுக்கும் சுருக்காத ஒலி, என்று வைத்தால் ஆப்டிகல் வழியே டிவி இரண்டு சேனலைத்தான் அனுப்பும். ஆக, அவர்கள் சொன்ன தீர்விலேயே குற்றத்தின் ஒப்புதலும் இருக்கிறது: 5.1 வேலை செய்யாத ஏற்பாட்டில்தான் இந்த 5.1 பார் வேலை செய்யும்.

600 வாட் கதைக்கு வருவோம். பாருக்கும் சப்வூஃபருக்கும் சேர்த்து ஒரே ஓர் அடாப்டர். அதன் அடிப்புறம் பொடி எழுத்தில் 18 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் 54 வாட். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் ஒரு நொடிக்கும் குறைவான வீச்சுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். தொடர்ந்து பாடும் பாட்டுக்கு இந்த 54-க்கு மேல் எங்கிருந்தும் மின்சாரம் வர வழியில்லை. பிஎம்பிஓ (கணநேர உச்சம்) என்று போட்ட எண்ணை அப்படியே ஒதுக்கிவிடலாம். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் அளவு) என்று போட்டிருந்தாலும் எத்தனை சதவீத ஒலிச் சிதைவில் அளந்தது என்று பாருங்கள். 10 சதவீதச் சிதைவில் எடுத்த எண், 1 சதவீதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இங்கே நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நேரடியாக 230 வோல்ட்டில் செருகும் நல்ல பார்களிலும் மின் நுகர்வு 60 வாட், ஒலி வெளியீடு 400 வாட் என்று இருப்பதைப் பார்ப்பீர்கள். அது மட்டும் மோசடிக்கு அடையாளம் ஆகாது. நுகர்வை அளக்கும்போது முழு வீச்சில் ஓட்டுவதில்லை, வெளியீட்டில் எட்டில் ஒரு பங்கில் ஓட்டி அளப்பது வழக்கம். அடாப்டரில் அச்சிட்ட எண் அப்படியல்ல, அது தொடர்ந்து தரக்கூடிய உச்ச அளவு. அதே லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவானது என்று தெரிந்துவிடும்.

பாட்டுக் கேட்பதற்காக வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தப் பாரில் உள்ளவை இரண்டு அங்குல ஸ்பீக்கர்கள். ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றால் ஒழுங்காக ஒலிக்க முடியாது. அதனால் அந்தப் பகுதி முழுவதையும் சப்வூஃபரின் தலையில் கட்டியிருக்கிறார்கள். 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, அதற்கு மேலே போனால் பிடிபட்டுவிடும். ஆண் குரலின் அடிநாதம் கிடப்பது பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான். விளைவு, பாடகரின் நெஞ்சொலி சோபா மூலையில் இருக்கும் சப்வூஃபரிலிருந்தும், 'ஸ', 'ஷ' போன்ற உரசொலிகளும் மூச்சும் டிவிக்குக் கீழேயிருந்தும் வருகின்றன. ஒரே ஆளை இரண்டாக அறுத்து இரண்டு இடத்தில் வைத்த மாதிரி. நன்கு பழகிய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டு மிருதங்கத்தைக் கேட்டுப் பாருங்கள். வலந்தலையின் (வலப்பக்கத் தோல்) 'நம்'மும் தொப்பியின் (இடப்பக்கத் தோல்) கும்கியும் ஒரே வாத்தியமாக, ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். தொப்பியில் கை வழுக்கி ஏறும் அந்த வளைவு கேட்காமல், எல்லா அடியும் ஒரே 'தும்' ஆகக் கேட்டால் அந்த சப்வூஃபர் ஒரே சுருதியில் முழங்குகிறது என்று அர்த்தம்.

செய்திக்கும் சீரியலுக்கும் நடு ஸ்பீக்கர்தான் உயிர். அதனால் வசனம் தெளிவாக வேண்டும் என்கிறவர்கள், போலி 5.1-ஐ விட உண்மையான 3.1 பாரை (இடது, நடு, வலது, கூடவே சப்வூஃபர்) எடுப்பதே மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் அட்மாஸ் பற்றி ஒரு வார்த்தை. டால்பி ஆடியோ முத்திரை வேறு, டால்பி அட்மாஸ் முத்திரை வேறு. 5.1.2 என்பதில் கடைசி எண் மேல் நோக்கிய ஸ்பீக்கர்களைக் குறிக்கும். அவை கூரையில் ஒலியை மோதி இறக்குகின்றன. 8 முதல் 12 அடி உயரத்தில் தட்டையான காங்கிரீட் கூரை இருந்தால் பலிக்கும். சாய்ந்த ஓட்டுக் கூரையில் பலிக்காது. 'இஏஆர்சி இல்லாத டிவியா, அதையும் மாத்திடுங்க' என்று சில கடைகளில் சொல்கிறார்கள். ஏஆர்சி என்பது ஹெச்டிஎம்ஐ கம்பி வழியே டிவியின் ஒலியைப் பாருக்கு அனுப்பும் வசதி, இஏஆர்சி அதன் மேம்பட்ட வடிவம். ஓடிடி தளங்களின் அட்மாஸ் சாதாரண ஏஆர்சி வழியாகவே போகும். டிவி வழியாக ப்ளூ-ரே தட்டின் ட்ரூஹெச்டி ஒலியை அனுப்புகிறவர்களுக்குத்தான் இஏஆர்சி தேவை. நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸ் வேண்டுமென்றால் பிரீமியம் திட்டம் வேண்டும், அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்கும்போது 'சரவுண்ட்', 'பேஸ் பூஸ்ட்' எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு பார்களை ஒப்பிட்டால் சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதைத்தான் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும், விற்கத் துடிக்கும் பாரின் சத்தத்தை ஒரு படி ஏற்றி வைப்பது பழைய வித்தை. முக்கால் வால்யூமில் பேஸ் (அடி ஒலி) திடீரென்று உள்வாங்குகிறதா என்றும் பாருங்கள். 5.1 கோப்பு ஓடும்போது பாரின் திரையில் அல்லது போனில் உள்ள அதன் செயலியில் 'டால்பி' என்று வர வேண்டும். பிசிஎம் என்று வந்தால் முதலில் டிவி செட்டிங்கைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் பிசிஎம் என்றே வந்தால் வாங்காதீர்கள்.

பில்லில் மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துகளோடு எழுதி வாங்குங்கள். சீரியல் எண்ணும், '5.1 டால்பி டிஜிட்டல் டீகோடர் உள்ளது' என்ற வரியும் சேரட்டும். எழுதத் தயங்கினாலே விஷயம் விளங்கிவிடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அதுவும் குறைபாடுதான். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால், குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பெட்டியைப் பிரித்ததை மட்டும் காரணம் காட்டி அவர்கள் தப்ப முடியாது, பிரிக்காமல் குறை எப்படித் தெரியும்? பெட்டி முகப்பு, அடாப்டர் லேபிள், சேனல் சோதனை மூன்றையும் வீடியோ எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். கடை வழிக்கு வரவில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டுகள். அதுவரை அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 5.1, 600 வாட் என்று அச்சிட்ட அந்த அட்டைதான் உங்கள் முதல் சாட்சி.