பரிவேஷ் தளம்: அனுமதி வாங்க எளிது, கண்காணிக்கக் கடினம்

நெடுஞ்சாலையோ துறைமுகமோ, பெரிய திட்டம் எதற்கும் தேவைப்படும் சுற்றுச்சூழல், வனம், வனவிலங்கு, கடற்கரை அனுமதிகளுக்கு இப்போது ஒரே வாசல்தான்: மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம். 2018 ஆகஸ்டில் வந்தது. முன்மொழிவு எண்ணைப் போட்டால் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று பொதுமக்களும் பார்க்கலாம். இது சின்ன விஷயமல்ல.

விண்ணப்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் வரைபடத்தில். திட்ட எல்லையைக் கேஎம்எல் (இடங்களை வரைபடத்தில் குறிக்கும் வடிவம்) கோப்பாக ஏற்ற வேண்டும். அதில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. பழக்கதோஷத்தில் மாற்றி எழுதினால் சென்னைத் திட்டம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும். யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) அளவுகளை மாற்றும்போது இன்னொரு வம்பு: இரண்டு மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடாகப் போகிறது. கோவை 43-ஆம் மண்டலம், மதுரை 44. மண்டலம் தவறினால் எல்லை சுமார் 650 கி.மீ. நகர்ந்துவிடும். இவை பார்த்ததும் தெரியும் பிழைகள். சாலையை வெறும் கோடாக வரைவதுதான் நாள்களைத் தின்னும்; கோட்டுக்குப் பரப்பளவு கிடையாது. கையகப்படுத்தும் அகலத்தோடு மூடிய பலகோணமாக வரைந்து, படிவத்தில் எழுதிய ஹெக்டேரோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துவராவிட்டால் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். புழக்கத்தில் இதற்கு ‘ஈடிஎஸ்’ என்று பெயர்.

இந்த ஈடிஎஸ்ஸை அமைச்சகம் எப்படிப் பார்த்தது தெரியுமா? 2022 ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதி தரும் மாநில ஆணையங்களுக்கு நட்சத்திரத் தரவரிசை அறிவித்தபோது, 80 நாளுக்குள் அனுமதி தந்தால் 2 மதிப்பெண். கூடுதல் விவரம் கேட்பது குறைந்தால் அதற்கும் மதிப்பெண். கேள்வி கேட்காதவருக்குப் பரிசு!

பொதுக் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கட்டாயம். விவரமெல்லாம் இருக்கும் முழு அறிக்கையோ ஆங்கிலத்தில் வருகிறது.

அனுமதிக்குப் பிந்தைய பகுதிதான் படு மோசம். ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் அனுமதி நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி அறிக்கை தர வேண்டும். அது எண்களாக வராமல் பிடிஎஃப் ஆக வருவதால், தூசு அளவு கூடியதா குறைந்ததா என்று ஒரே பார்வையில் ஒப்பிட வழியில்லை. என் கணக்கில் இத்தளத்தின் விண்ணப்பப் பகுதிக்கு 4 நட்சத்திரம், கண்காணிப்புக்கு ஒன்றரை.

அறிக்கையைப் படிப்பவர்கள் அனுமதிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, நிபந்தனை எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ‘நிறைவேற்றப்படும்’ என்ற சொல் இரண்டு அறிக்கைகளில் மாறாமல் இருந்தால், அங்கே வேலை நடக்கவில்லை.